சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கச்சேரி, நாடகம், குழந்தைகளுக்கான விழாக்களுக்கு ஒரு வருடக் காலண்டர்

சென்னைக்குக் குடிவந்த முதல் வருடம், மார்கழி முழுக்க நான் ஒரு கச்சேரிகூடக் கேட்கவில்லை. வீடு மந்தைவெளியில். நடந்து போகும் தூரத்தில், கச்சேரியும் நாட்டியமும் நாடகமும் நடத்தும் சபாக்கள் நான்கைந்து. வாசலில் நிற்கும் கார்களையும் பட்டுப்புடவைகளையும் பார்த்துவிட்டு, இதெல்லாம் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் போல என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பொங்கல் சமயத்தில் பக்கத்து வீட்டு மாமி, "மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாதே, நேரா உள்ளே போய் உட்கார வேண்டியதுதானே" என்றார். அதற்குள் சீசன் முடிந்துவிட்டது. இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மாதக் காலண்டர்

கைபேசியில் குறித்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீட்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி, கட்டம் கட்டமாக எழுத இடமுள்ள மாதக் காலண்டர் ஒன்றைச் சமையலறைப் பக்கம் மாட்டுவது நல்லது. எந்த விழா எந்தத் தேதி என்று தேட ஆரம்பிப்பதற்கு முன்பு, போக முடியாத நாட்களை அதில் அடித்துவிடுங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் தேர்வுகள் முதலில். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் மூன்றாவது வாரம் வரை இழுக்கும். சீசன் அதற்குள் தொடங்கிவிட்டிருக்கும். பிள்ளைகளோடு போக வேண்டியவற்றைக் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான அந்த ஒரு வாரத்துக்கும், பொங்கல் விடுமுறைக்கும் தள்ளி வையுங்கள். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வுகள். ஊரே கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அடுத்தது மழை. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் வரை நம்ப முடியாது. இந்த மாதங்களில் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு முன்பணம் கட்டாதீர்கள். ஏப்ரல், மே வெயில் பகல் நேரத்தைச் சாப்பிட்டுவிடும்; அப்போது நடப்பவை பெரும்பாலும் மாலையில், அரங்குக்குள்தான்.

சென்னையின் பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஏன் குவிந்திருக்கின்றன என்பது இப்போது புரியும். மழை ஓயும், காற்று குளிரும், விடுமுறையும் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தபோது அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. வருடாந்திர மாநாடும் கச்சேரிகளும் டிசம்பரிலேயே நிலைத்தன. மற்ற சபாக்களும் அந்த மாதத்தைச் சுற்றியே சேர்ந்துகொண்டன. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்ததற்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறு இருக்கிறது.

மார்கழி: எங்கே தொடங்குவது

நவம்பர் கடைசியிலேயே சில சபாக்கள் தொடங்கிவிடும். டிசம்பர் 15 வாக்கில் ஊர் முழுக்கக் கச்சேரிதான். ஒரே நாளில் பத்துப் பதினைந்து இடங்களில் காலை முதல் இரவு வரை நடக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் மூன்றாம் நாள் களைத்துவிடுவீர்கள். முதல் வருடம் ஐந்து கச்சேரி போதும், நன்றாகக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டையைத் தேர்ந்தெடுங்கள். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் என்றால் மியூசிக் அகாடமி, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன் எல்லாம் ஒன்றுக்கொன்று ஆட்டோ தூரம்தான். தியாகராய நகர் என்றால் வாணி மகால், கிருஷ்ண கான சபா. திருவல்லிக்கேணியில் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபா நகரின் மிகப் பழைய சபாக்களில் ஒன்று. உயர் நீதிமன்றத்தின் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறது. 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கேதான் நடக்கும். பாட்டு புரிந்து கேட்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சி அமர்வுகளும் அந்த விழாவில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று அது.

நிகழ்ச்சி நிரலை எப்படித் தெரிந்துகொள்வது? டிசம்பர் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு சபாவின் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். அச்சடித்த கையேடு வைத்திருப்பார்கள். எல்லா சபாக்களின் நிரலையும் சேர்த்த சிறு புத்தகங்களும் சீசனில் கிடைக்கும். நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைக் காலையில் ஒரு முறை பார்க்கும் பழக்கம் வருடம் முழுக்க உதவும்.

ஒரு நாளின் அமைப்பு எல்லா சபாக்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் விளக்க உரைகள், 'லெக்டெம்' என்பார்கள். மத்தியானம் 12 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று என்று இளம் கலைஞர்களின் கச்சேரி. 4 மணிக்குக் கொஞ்சம் அனுபவமுள்ளவர்கள். மாலை 6-க்கு மேல் மூத்த வித்வான்கள். பல சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், உள்ளே போய் உட்காரலாம். பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். மேடையில் இருக்கும் அந்தப் பெண்ணோ பையனோ ஒரு வருடம் முழுக்க இந்த ஒன்றரை மணி நேரத்துக்காக உழைத்திருப்பார்கள். நீங்கள் தட்டும் கை மேடை வரை கேட்கும். அடுத்த பத்து வருடத்தில் அவர்களே மாலை நேரத்துக்கு வருவார்கள். அவர்களோடு சேர்ந்து வளர்ந்து கேட்பதில் இருக்கும் நெருக்கம் வேறு எதிலும் கிடைக்காது. முதல் கச்சேரி மத்தியானக் கச்சேரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும். சீசன் டிக்கெட், அன்றன்றைக்கான டிக்கெட் என்று இரண்டு வகை. புதியவர்களுக்குச் சீசன் டிக்கெட் தேவையில்லை. பெயர்பெற்ற பாடகர் என்றால் அன்று காலையிலேயே கவுன்டரில் வரிசை நிற்கும். இணையத்தில் விற்கிறார்களா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். பின்வரிசை, பால்கனி டிக்கெட் மலிவு. நல்ல அரங்கில் பால்கனியில் ஒலிக்குக் குறை இருக்காது.

உள்ளே போன பிறகு

கச்சேரி எப்படி நகரும் என்று தெரிந்திருந்தால் இரண்டரை மணி நேரம் போவதே தெரியாது. பெரும்பாலும் ஒரு வர்ணத்தில் தொடங்கும். அப்புறம் சின்னச் சின்னக் கிருதிகள், அதாவது கீர்த்தனைகள். பாதியைத் தாண்டியதும் 'மெயின்' வரும்: பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை நீட்டி ஆலாபனை செய்து, வயலின் அதைத் திருப்பிச் சொல்லி, கிருதி பாடி, அதில் ஒரு வரியை எடுத்து விதவிதமாகப் பாடி நிரவல் செய்து, ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துக் கல்பனாஸ்வரம் பாடுவார்கள். அதன் முடிவில் மிருதங்கமும், கூட இருந்தால் கடமோ கஞ்சிராவோ தனியாக வாசிக்கும் பகுதி. அதுதான் தனி ஆவர்த்தனம். சில கச்சேரிகளில், ஒரே ஒரு வரியை எடுத்து விரிவாகப் பாடும் ராகம் தானம் பல்லவியும் இருக்கும். கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சின்னப் பாட்டுகள். தமிழ்ப் பாடல்கள், திருப்புகழ், பாரதியார் பாட்டு எல்லாம் இங்கே அதிகம் வரும். பிறகு மங்களம். இன்று நாம் கேட்கும் இந்த வரிசையை நிலைப்படுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி.

ஒரு வேண்டுகோள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போவதைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பின்பற்ற வேண்டாம். இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கிப் பிடித்த கைகள் தங்களுக்காக வாசிக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் அது. தாளம் புரியாவிட்டாலும் முகங்களைப் பாருங்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வது கண்ணிலேயே தெரியும்.

ராகம் தெரியவில்லையே என்ற தயக்கம் முதல் வருடம் எல்லோருக்கும் இருக்கும். பக்கத்து நாற்காலி மாமாவிடம் ஒரு பாட்டு முடிந்ததும் மெதுவாகக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார். அதே ராகத்தில் ஒரு சினிமாப் பாட்டையும் சேர்த்துச் சொல்வார். மோகனம், கல்யாணி, சிந்துபைரவி மூன்றும் எனக்கு அப்படித்தான் பழகின.

பாட்டு நடுவில் உள்ளே நுழையவோ எழுந்து போகவோ வேண்டாம். ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் போகலாம். கைபேசியில் பதிவு செய்யக் கூடாது. அரங்கில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டி, பட்டு எதுவும் கட்டாயம் இல்லை.

சபா கேன்டீனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது. பெயர்பெற்ற சமையல்காரர்கள் சீசனுக்கென்றே வந்து அடுப்பு மூட்டுவார்கள். மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் டிபன். கச்சேரிக்கு டிக்கெட் இல்லாதவர்களும் பெரும்பாலான கேன்டீன்களில் சாப்பிடலாம். 4 மணிக் கச்சேரி முடிந்து 6 மணிக் கச்சேரி தொடங்கும் இடைவெளியில் கூட்டம் நெரியும். 3 மணிக்கே போய்விட்டால் நிம்மதி.

பணமே செலவழிக்காமல் மார்கழியைப் பார்க்க வேண்டுமா? விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போங்கள். கபாலீசுவரர் கோவிலைச் சுற்றிப் பாடிக்கொண்டு போகும் பஜனைக் கோஷ்டியை அங்கே பார்க்கலாம். பாபநாசம் சிவன் பல வருடங்கள் நடத்திய மரபு அது. யார் வேண்டுமானாலும் பின்னால் சேர்ந்து நடக்கலாம்.

நாட்டியம் பார்க்க விரும்புகிறவர்கள் ஜனவரியின் முதல் பத்து நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அகாடமியில் இசைக் கச்சேரிகள் முடிந்து நாட்டிய விழா அப்போதுதான் தொடங்கும். திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் ஆண்டு விழாவும் இதே பருவத்தில்தான். 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நிறுவனம் அது. கேரளத்துக் கோவில்களில் இருக்கும் கூத்தம்பலம் என்ற நாடக மண்டபத்தின் பாணியில் கட்டிய அரங்கமே ஒரு காட்சி. அவர் ராமாயணத்தை ஆறு பகுதிகளாக நாட்டிய நாடகமாக அமைத்தார். அதில் ஏதாவது ஒரு பகுதி நிரலில் இருந்தால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், கதை தெரிந்திருப்பதால் ஒன்றிவிடுவார்கள். மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை திறந்தவெளியில் நடக்கும். ஒரு சனிக்கிழமை மாலைக்கு அது நல்ல பயணம்.

ஜனவரி, பிள்ளைகளின் மாதம்

ஆறு வயதுக் குழந்தையை இரண்டரை மணி நேரக் கச்சேரியில் உட்காரவைப்பது குழந்தைக்கும் கஷ்டம், பாடுகிறவருக்கும் கஷ்டம். அவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

டிசம்பரில் தி லிட்டில் தியேட்டர் குழுவினர் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவது வழக்கம். ஆங்கிலத்தில்தான் இருக்கும். பாட்டும் கூச்சலும் வண்ணமுமாக இருப்பதால் மொழி பெரிய தடையில்லை. அந்த அரங்கம் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முன்கூட்டியே போய்க் குழந்தைகளுக்குச் சுற்றிக் காட்டுங்கள். பக்கத்திலேயே அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.

புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். 1977 முதல் பபாசி என்ற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்துகிறது. சமீப வருடங்களில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்கிறது. நந்தனம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். வேலை நாட்களில் மதியத்துக்கு மேல் திறப்பார்கள், விடுமுறை நாட்களில் முற்பகலிலேயே. குழந்தைகளோடு போவதென்றால் வேலை நாளில் திறந்தவுடன் போங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் தள்ளுவண்டியோடு நகரவே முடியாது. மாலையில் சொற்பொழிவு, பட்டிமன்றம் எல்லாம் உண்டு.

தீவுத்திடலில் அரசின் சுற்றுலாப் பொருட்காட்சி சுமார் 70 நாட்கள் நடக்கும். ராட்டினம், டெல்லி அப்பளம், அரசுத் துறைகளின் அரங்குகள். 70 நாட்கள் இருக்கிறதே என்று பொங்கல் விடுமுறையிலேயே போய் நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல், பிப்ரவரியில் ஒரு வேலை நாள் மாலை போங்கள்.

பொங்கலையொட்டி வருவது சென்னை சங்கமம். 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு திரும்பி வந்தது. கரகம், ஒயிலாட்டம், பறையாட்டம், தெருக்கூத்து எல்லாம் ஊரின் பல பூங்காக்களிலும் மைதானங்களிலும் ஒரே சமயத்தில் நடக்கும். அனுமதி இலவசம். உங்கள் பிள்ளை பறையின் அதிர்வை நெஞ்சில் உணர்கிற அளவு முன்னால் போய் நிற்கட்டும். தென் மாவட்டக் கலைஞர்கள் ஆடி முடித்து ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். போய்ப் பேசுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். சொந்த ஊரைவிட்டு இங்கே வந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பேச்சு பெரிய ஆறுதல். மயிலாப்பூர் திருவிழாவும் இதே மாதம்தான். வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டியைக் காண்பதற்கென்றே போகலாம்.

ஒரு எச்சரிக்கை என் அனுபவத்திலிருந்து. ஒரு முறை 5 மணிக்குப் பொம்மலாட்டம் என்ற அறிவிப்பைப் பார்த்து, மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போனேன். நடத்தியவர்கள் வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை என்று முடித்து ஆட்டத்தைத் தொடங்கும்போது மணி ஆறேகால். குழந்தை மடியில் தூங்கிவிட்டாள். அதிலிருந்து கிளம்பும் முன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, விழா எத்தனை மணிக்கு?" இரண்டும் வேறு வேறு.

நாடகம் பார்க்க

சென்னையில் நாடகம் இரண்டு வழியாகப் பிரியும். ஒன்று சபா நாடகம். குடும்பக் கதை, நகைச்சுவை, புராணம். இரண்டு மணி நேரம், சனி ஞாயிறு மாலை 7 மணி வாக்கில். 1952-ல் தொடங்கிய யுஏஏ (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்) போன்ற குழுக்கள் தலைமுறை தாண்டி இன்னும் மேடையேறுகின்றன. கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய நாடகங்கள் தொடர்ந்து பல நாட்கள் அரங்கேறும். பிள்ளைகளுக்கும் விடுமுறை, பாட்டி தாத்தாவும் ஊரிலிருந்து வந்திருப்பார்கள். மூன்று தலைமுறையும் ஒன்றாகச் சிரிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன மேடைக்குக் கொண்டுவந்தது. இவ்வகை நாடகங்களுக்குப் பெரிய விளம்பரம் இருக்காது. நுங்கம்பாக்கத்தில் இருக்கும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ், ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இரண்டின் நிகழ்ச்சி நிரலையும் மாதம் ஒரு முறை பாருங்கள். குழுக்களின் சமூக ஊடகப் பக்கங்களைப் பின்தொடருங்கள். அரங்கு சிறியதாக இருக்கும், நடிகரின் மூச்சு கேட்கும். குழந்தைகளுக்கு ஏற்றதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

மற்ற மாதங்கள், சுருக்கமாக

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழா. பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் பிற்பகல், தேர் அதற்கு முந்தைய நாள். வழியெங்கும் நீர்மோரும் சோறும் கொடுப்பார்கள். சின்னக் குழந்தை இருந்தால் மாட வீதிக்கு உள்ளே போகாமல் ஓரமாக நில்லுங்கள்.

ஜூன் 21 உலக இசை தினம். ஆகஸ்ட் 22 சென்னை தினம். 1639-ல் இந்த நகரம் தோன்றிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிய நாட்களில், பழைய இடங்களை நடந்தே சுற்றிக் காட்டும் மரபு நடைகள் நடக்கும், பெரும்பாலானவை இலவசம். புதிதாக வந்தவர்கள் ஊரைத் தெரிந்துகொள்ள நல்ல வாய்ப்பு, முன்பதிவு மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும். புரட்டாசியில் நவராத்திரிக் கச்சேரிகள் கோவில்களில் நடக்கும். கொலுவுக்கு யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். பருவமழை மாதங்களுக்குக் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முட்டுக்காடு தக்ஷிணசித்ரா. செவ்வாய் மட்டும் விடுமுறை.

கிளம்பும் முன்

திரும்பி வரும் வழியை முதலில் யோசியுங்கள். கச்சேரி 9 மணி தாண்டி முடியும்போது அரங்க வாசலில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஆட்டோ தேடுவார்கள். ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு உயர் நீதிமன்ற மெட்ரோ, மயிலாப்பூர்ப் பக்கத்துக்குத் திருமயிலை பறக்கும் ரயில், கலாக்ஷேத்ராவுக்குத் திருவான்மியூர் நிலையம். நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும், கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போனால் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், சபாக்களில் வண்டி நிறுத்தும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

போய்வந்த ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காலண்டர் கட்டத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள்: எங்கே உட்கார்ந்தோம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, பிள்ளை எத்தனை நேரம் உட்கார்ந்தாள், யார் வயலின். வருடம் முடிந்து புதுக் காலண்டர் மாட்டும்போது பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த விழாக்கள் சில நாள் முன்பின்னாக அதே வாரங்களில்தான் திரும்பி வரும். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் புதியதில் குறியுங்கள். தேதி அறிவித்ததும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.